கத்திரிக்காய்க்கு ஈ சாட்சி

சித்தூரில் எனக்கு ஈ வளர்க்கிற உத்தியோகம். எட்டாவதில் இரண்டு முறை தோற்றவனுக்குச் சர்க்கார் வேலை கிடைத்துவிட்டதென்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் 'லேபரட்டரி' என்று வாய்க்குள் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பெண் கொடுக்க வந்த ஒருவர் விடாமல் கேட்டார். நானே முந்திக்கொண்டு விவரமாகச் சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஈ எதற்கு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அப்போதுதான் ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து, தலைநகரம் கர்நூலுக்குப் போயிருந்தது. புத்தூர், நகரி, திருத்தணிப் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்று பஸ் ஸ்டாண்டில் தினமும் சண்டை. அதே சமயத்தில்தான் செடிக்குப் போடுகிற பொடிகளும் தகர டப்பாவில் வந்து இறங்கின. பழைய வேட்டித் துணியில் பொடியை மூட்டையாகக் கட்டி, குச்சியில் தொங்கவிட்டு, கத்திரிச் செடி மேல் தட்டிக்கொண்டே போவார்கள். பூச்சி சாகும். தட்டுகிறவன் சாயங்காலம் வரைக்கும் தும்முவான்.

திருப்பதியில் ஒரு பெரிய சத்திரம். அங்கே சாப்பிட்ட ஒரு கல்யாணக் கூட்டம் ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தது. முந்தின நாள் சாம்பாரைப் புதுச் சாம்பாரோடு கலந்த சமையல்காரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழி கத்திரிக்காய் மேல் விழுந்தது. பதில் சொல்லத் தெரியாத ஒன்றின் மேல் பழி போடுவது எல்லாருக்கும் சௌகரியம். அதிலிருந்து சித்தூர்ப் பரிசோதனை அறையில் சீட்டு வாங்காத காய்கறி அந்தச் சத்திரத்துச் சமையற்கட்டுக்குள் போகக்கூடாது என்று ஆனது. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு விவசாயியும் ஐந்து சேர் காய் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். நல்ல காய் என்றால் நீல மை, விஷக் காய் என்றால் சிவப்பு மை. இரண்டு முறை சிவப்பு வந்தால் சத்திரத்துப் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள்.

பரிசோதனை அறை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. முன் அறையில் ஆபீசரின் மேஜை. நடு அறையில் ஜாடிகள். பின்கட்டில் நானும் என் ஈக்களும். காயைக் கொண்டுவந்தவன் கண் முன்னால் ஆபீசர் அதைத் துணிப் பையில் போட்டுக் கட்டி, அரக்கு உருக்கி, பித்தளை முத்திரையால் அமுக்குவார். அப்புறம் நான் முத்திரையை உடைத்து, காயை நறுக்கி, ஸ்பிரிட்டு மாதிரி ஒரு தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காயவிடவேண்டும். காயில் பொடி இருந்தால் அது ஜாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இருபது ஈயை விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால் மறுநாள் காலை செத்ததை எண்ணலாம். பாதிக்கு மேல் செத்தால் சிவப்பு மை.

பக்கத்தில் இன்னொரு ஜாடியும் வைக்கவேண்டும். அதில் காய்த் தண்ணீர் கிடையாது. அது வெறும் ஜாடி. அதிலும் இருபது ஈ. அந்த ஈக்கள் உயிரோடு இருந்தால்தான் மற்ற ஜாடியின் சாவுக்குக் காய் காரணம் என்று சொல்லமுடியும். வெறும் ஜாடியிலேயே ஈ செத்தால் சோதனை செல்லாது. இதைச் சீட்டின் அடியில் இங்கிலீஷில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டி நானே படித்திருக்கிறேன். எங்கள் ஆபீசர் பி.எஸ்ஸி. படித்தவர். அவருக்கு அந்த வரி கண்ணில் படவில்லை.

ஒரு ஈ முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஜட்கா ஸ்டாண்டில் குதிரைச் சாணம் பொறுக்கி, தவிட்டைப் பாலில் பிசைந்து, கொசுவலைப் பெட்டிக்குள் வைத்து நான் அதுகளை வளர்த்தேன். ஈக்களுக்கென்று சர்க்கார் தினமும் அரைப் படி பால் கொடுத்தது. அதில் முக்கால்வாசி ஆபீசருடைய காபிக்குப் போகும். மீதியில் தண்ணீர் ஊற்றி ஈக்களுக்குக் கொடுப்பேன். அதனால் ஈக்கு எப்போதும் பஞ்சம். பஞ்சத்தில் வெறும் ஜாடிக்கு இருபது ஈயை ஒதுக்க ஆபீசருக்கு மனசு வரவில்லை. வெறும் ஜாடி வைக்காமலேயே அந்தக் கட்டத்தில் சைபர் போடுவார். சைபர் போடும்போது மட்டும் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

முதல் ஆறு மாதம் எல்லாக் காயும் நல்ல காய்தான்; பொடி பட்ட காயில்கூட ஈ சாகிற அளவுக்கு ஒட்டியிருக்காது. கர்நூலிலிருந்து கடிதம் வந்தது: ஏன் ஒன்றிலும் விஷம் அகப்படவில்லை, வேலை நடக்கிறதா இல்லையா என்று. ஆபீசருக்கு முகம் செத்துப்போனது. நான்கு நாள் என் ஈக்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதுகள் வேண்டுமென்றே சாகாமல் இருக்கிற மாதிரி.

அந்த வாரத்தில்தான் மலேரியாக்காரர்கள் வந்தார்கள். முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்துவிட்டு, கதவில் சுண்ணாம்பால் தேதி போட்டுவிட்டுப் போகிறவர்கள். நான் அலறியடித்துக்கொண்டு ஈப்பெட்டிகளைப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். ஜாடிகளையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, சர்க்கார் மருந்து சர்க்கார் சாமானை ஒன்றும் செய்யாது என்று ஆபீசர் சொன்னார். எனக்கும் சோம்பேறித்தனம். நாற்பது ஜாடியை யார் தூக்குவது என்று விட்டுவிட்டேன். சுவர், அலமாரி, கொடியில் காயப்போட்டிருந்த மூடுதுணி என்று ஒன்று விடாமல் நனையும்படி அடித்தார்கள். கொசு நன்றாகச் செத்தது. ஆபீசர் அன்றைக்கு மத்தியானம் மேஜையிலேயே நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளிலிருந்து எங்களுக்குப் பொற்காலம். பலமனேர்த் தக்காளி விஷம். கங்காதர நெல்லூர் வெண்டைக்காய் விஷம். ஒரு கிழவி வீட்டுக் கூரை மேல் காய்த்த சுரைக்காய்கூட விஷம். காலையில் ஜாடியைத் திறந்தால் இருபது ஈயும் மல்லாந்து கிடக்கும். ஆபீசர் சிவப்பு மைப் புட்டி புதிதாக வாங்கினார். கர்நூலிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். விஷம் என்று தள்ளின காயையெல்லாம் குழி தோண்டிப் புதைக்கவேண்டும் என்பது சட்டம். அவர் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று வாரமாக அந்தக் குடும்பமே விஷத்தைத் தின்று நன்றாகச் சதை போட்டது.

அப்படிச் சிவப்புச் சீட்டு வாங்கினவர்களில் ஒருவர் புத்தூருக்குப் பக்கத்துக் கத்திரிக்காய்க்காரர். ஐம்பது வயசு இருக்கும். மற்றவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு, ஆபீசரைத் திட்டிவிட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள். போகிற வழியில் பொடிக்காரனையும் திட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் பொடி தட்டினது நிஜம். இவர் மட்டும் போகவில்லை. மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"சாம்பலத் தவிர என் செடி மேல எதுவும் பட்டதில்ல சார்" என்றார்.

ஆபீசர் தலையைத் தூக்கவில்லை. "நேனு செப்பலேதய்யா, நான் சொல்லல. ஈ சொல்லுது. ஈக்கும் உனக்கும் இன்னா வரப்புத் தகராறா?"

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். சும்மா இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "ஒரு பொட்டலம் பொடி வாங்கித் தட்டி இருக்கலாம் இல்ல மாமா. பேரு கெட்டதுக்குக் காயாவது பளபளன்னு இருந்திருக்கும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"கிண்டல் பண்ணாத நைனா. எட்டு வருசமா அந்தச் சத்திரத்துல என் காய்தான் வேவுது. இன்னொரு சிவப்புச் சீட்டு வந்தா பேர அடிச்சிடுவானுங்க. அத்தோட போவுமா? விஷம்னு சர்க்கார்ல எழுதின காய எந்தச் சந்தையில எவன் வாங்குவான்? இப்பவே ஊர்ல, உன் ஊட்டுக் கொழம்ப நாய்க்கு ஊத்திப் பாத்தியான்னு கேட்டுக்கினு கீறானுங்க."

மாதக் கடைசி என்பதால் அடுத்த சோதனைக்கு எட்டு நாள்தான் இருந்தது. இந்த முறை காயை வேறு பாத்தியிலிருந்து பறித்து, மூன்று தண்ணீரில் கழுவிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுத்துச் செய்தது அவர் மேல் இரக்கப்பட்டு இல்லை. என் மனசில் இருந்தது ஈக்கணக்கு. தண்ணிப் பால் குடித்து வளர்ந்தாலும் என் ஈக்கள் திடமான ஈக்கள். சாணத்தில் பிறந்து வந்ததுகள் வெறும் சாம்பலுக்கு இருபதும் செத்துப்போனது என்றால் வளர்த்தவனுக்கு அவமானம். அன்று சாயங்காலம் ஆபீசர் போன பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். காயும் கிடையாது, காய்த் தண்ணீரும் கிடையாது. இருபது ஈயை உள்ளே விட்டுத் துணியைக் கட்டினேன். இன்னொரு இருபதை மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஊறுகாய்ச் சாடியில் விட்டு என் துண்டால் மூடினேன்.

காலையில் ஊறுகாய்ச் சாடி ஈக்கள் துண்டை முழுக்க எடுப்பதற்கு முன்னாலேயே பறந்து போயின. நடு அறை ஜாடியில் இருபதும் மல்லாந்து கிடந்தன.

ஜாடியை ஆபீசரின் மேஜை மேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சுவரில் அடித்த மருந்து ஜாடியில் இருக்கிறது, துணியில் இருக்கிறது, தண்ணீரில் கழுவினால் போகவில்லை, இந்த அறையில் கற்கண்டை வைத்தாலும் விஷம் என்றுதான் வரும் என்றேன். படிக்காதவன் சொல்கிறானே என்று அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில்.

"வெறும் ஜாடிக்கு எவனாவது இருவது ஈய வேஸ்ட் பண்ணுவானாரா?"

"சீட்டுலயே போட்டிருக்கு சார், அடியில."

அப்போதுதான் அந்த வரியைப் படித்தார். படித்து முடித்துச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். மூன்று வாரத்து ரிப்போர்ட்டும் கர்நூலுக்குப் போயாகிவிட்டது, பாராட்டும் வந்துவிட்டது, இப்போது சுவர் மேல் பழி போட்டு எழுதினால் வெறும் ஜாடிக்கு இத்தனை நாள் யார் சைபர் போட்டது என்று கேட்பார்கள் என்று எனக்கே விளக்கினார். மருந்து இரண்டு மாதத்தில் தானாகப் போய்விடும், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு ஈயைப் பார் என்றார். மனுஷன் பயந்துபோனால் பாவமாக இருக்கும் என்பார்கள். இவரைப் பார்த்தால் எனக்கு அப்படி வரவில்லை. அந்தச் சட்டம் போட்ட கடிதம் கொஞ்சம் கோணலாக இருந்ததை, பேசிக்கொண்டே எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் கத்திரிக்காய்க்காரர் வந்தார். வேறு பாத்திக் காய், மூன்று தண்ணீரில் கழுவினது. ஒவ்வொரு காயையும் துடைத்து அடுக்கியிருந்தார், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் வைக்கிற மாதிரி. ஆபீசர் பையில் கட்டினார், அரக்கு ஊற்றினார், முத்திரை வைத்தார், பதினேழாம் நம்பர் என்று எழுதினார். காலையில் வந்து சீட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கத்திரிக்காய்க்காரர் ஊருக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டார்.

நான் பையைத் தொடவில்லை. மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக ஆணியில் மாட்டி வைத்தேன். ஒரு ஜாடியை எடுத்துப் பதினேழு என்று சீட்டு ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் இருபது ஈயை விட்டேன்.

காலையில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி இருந்தோம். நான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்து, "பதினேழு. இருவதுக்கு இருவது" என்றேன். கத்திரிக்காய்க்காரர் ஜாடியைப் பார்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆபீசர் குனிந்து ஜாடியைப் பார்க்கக்கூட இல்லை. சிவப்பு மையைத் தொட்டார். கத்திரிக்காய், விஷம் உண்டு, தள்ளப்பட்டது. வெறும் ஜாடி, சைபர். கையெழுத்து, தேதி. மை உறிஞ்சுகிற காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தார்.

நான் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இத்த எப்ப பிரிக்கட்டும்?"

அவர் பையைப் பார்த்தார். அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது, அவருடைய முத்திரை, அவருடைய பதினேழு. கத்திரிக்காய்க்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"மாமா, உன் காய் இன்னும் இந்தப் பையிலதான் கீது. ஜாடிக்குள்ள போவவே இல்ல. அதுக்குள்ள விஷம்னு எழுதிட்டாரு" என்றேன்.

கத்திரிக்காய்க்காரர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிவப்புச் சீட்டின் மேலும் கையை வைத்தார். ஆபீசர் அதைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. கிழித்துப் போட்டுவிடு, நீல மையில் நல்ல காய் என்று இப்போதே எழுதித் தருகிறேன் என்றார். அடுத்த மாதத்துக்கும் சேர்த்தே தருகிறேன் என்றார். பி.எஸ்ஸி. படித்தவர் புளி வியாபாரி மாதிரி பேரம் பேசுவதைப் பார்க்க எனக்குக் கண் கூசியது.

"ஓசிச் சீட்டு எனக்கு வாணாம் சார். போன மாசம் எழுதினது தப்புன்னு எழுதிக் குடு" என்றார் கத்திரிக்காய்க்காரர்.

அது முடியாது, அதற்கு ரூல் இல்லை என்றார் ஆபீசர்.

"எங்க ஊரு ஆந்திராவா மெட்ராசான்னு விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி புத்தூர் பங்களாவுல வந்து எறங்கிக்கினு கீறாரு. நாளைக்கு எங்க ஊரு ஆளுங்கள கூப்ட்டிருக்காரு. ஊரு எந்தப் பக்கம் போனா எனக்கு இன்னா சார். இந்தப் பையையும் இந்தச் சீட்டையும் அவரு மேசை மேல வெச்சிட்டு வரேன். அரக்கு யாருதுன்னு அவரு பாத்துக்கட்டும்."

அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆபீசர் அரை மணி நேரம் எழுதினார். ஒரு புதுச் சீட்டு, நீல மையில். காய் ஜாடியில் இருபது, வெறும் ஜாடியில் இருபது. ஆகவே இந்தச் சோதனை செல்லாது, போன மாதச் சோதனையும் செல்லாது. 'வெறும் ஜாடி' என்கிற இடத்தில் எழுத்து எறும்பு அளவுக்குச் சின்னதாகிவிட்டது. அதைக் கொடுத்துச் சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டதும், இன்னொரு காகிதத்தை எடுத்து என்னை வேலையிலிருந்து நீக்கி எழுதினார். காரணம்: சர்க்கார் ஈக்கள் நாற்பதை அனுமதியில்லாமல் வெறும் ஜாடியில் சாகடித்தது. அது மட்டும் சரியான கணக்கு. அந்த அறையிலிருந்து போன காகிதங்களிலேயே உண்மை எழுதின காகிதம் என்னுடையதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேலை இல்லாதவனுக்கு எங்கே போனால் என்ன. கத்திரிக்காய்க்காரரோடு நானும் திருப்பதிக்குப் புறப்பட்டேன். முன்பே பேசி வைத்தபடி அவருடைய மகன் புத்தூரிலிருந்து மூட்டைகளை ரயிலில் ஏற்றி வந்து திருப்பதி ஸ்டேஷனில் காத்திருந்தான். ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சத்திரத்துப் பின்வாசலுக்குப் போனோம்.

ஸ்டோர்காரர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சீட்டை வாங்கினார். நீல மை என்று பார்த்தார். அவ்வளவுதான் பார்த்தார். பக்கத்திலிருந்த கம்பியில் குத்திவிட்டு, மூட்டையை வை என்று கண்ணால் காட்டினார்.

கத்திரிக்காய்க்காரர் வைக்கவில்லை. "அத்தப் படிங்க சாமி" என்றார்.

"நீலமாத்தானே கீது. படிக்க இன்னா கீது?"

"போன மாசம் சிவப்புல எழுதினாங்களே, அது செல்லாதுன்னு எழுதி கீது. நீங்க படிச்சி, எல்லாருக்கும் சொல்லணும்."

உள்ளே பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். போன மாதம் அவரைப் பார்த்து மூக்கைப் பொத்தினவர்கள் அவர்கள்தான் என்று மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். ஸ்டோர்காரருக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. அப்படித்தான் சொன்னார். ஆயிரம் பேருக்கு உலை கொதிக்கிறது, பாராயணம் பண்ண இப்போது நேரமில்லை என்றார்.

நான் சீட்டைக் கம்பியிலிருந்து உருவினேன். நடுவில் ஓட்டை. எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், சமையற்கட்டுக்குள் கேட்கிற மாதிரி சத்தமாக. எறும்பு எழுத்தையும் விடவில்லை. சீட்டில் இல்லாத சில வார்த்தைகளை ஆபீசரைப் பற்றி நானாகச் சேர்த்துக்கொண்டேன். நறுக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் வெளியே வந்து, கத்திரிக்காய்க்காரர் கையிலிருந்த அரக்குப் பையைப் பிரித்து ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிஞ்சுக் காய்தான்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

கத்திரிக்காய்க்காரர் கடைசி வரைக்கும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெட்டதுன்னு எழுதினது செல்லாது. சரி. நல்லதுன்னு எங்க எழுதி கீது?"

"அது எழுதல மாமா. உன் காய இன்னும் எவனும் ஒழுங்கா சோதிக்கவே இல்லயே."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஸ்டோர்காரர் தராசுத் தட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். கத்திரிக்காய்க்காரர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மூட்டையின் வாயை அவிழ்த்துத் தட்டில் கொட்டினார்.